பாட்டன் பிறந்த ஊர்

பதுளையிலிருந்து பசறை வழியாகக் கிழக்கே செல்லும் நெடுவீதி, மலைகளை விட்டிறங்கிப் பிபிலையை அடைவதற்கு முன்னர், லுணுகலை என்னும் சிறு பட்டினத்தைக் கடந்து செல்கின்றது. அதனைச் சூழ ஹொப்டன், அடாவத்தை முதலிய தேயிலைத் தோட்டங்கள். அவற்றுக்கப்பால் வெல்லஸ்ஸைப் பகுதியின் பழைய சிங்களக் கிராமங்கள். அப்பகுதியிலுள்ள தோட்டப் பாடசாலை ஒன்றில், சில காலத்துக்கு முன்னர், தென்னாபிரிக்காவில் நிலவிய நிறவொதுக்கலைப் பற்றி மாணவர்க்குச் சில வார்த்தைகள் கூறும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. பேசி முடித்ததும் பின்வரிசையிலிருந்த ஒரு சிறுமி எழுந்தாள்.

"எங்கள் தாத்தா இந்தத் தோட்டத்திலேதான் பிறந்தார், சேர். நாற்பது வயது கடக்கும்வரை அவருக்குப் பிரஜாவுரிமை இல்லை. தென்னாபிரிக்காவிலே நிறத்தைப் பார்த்தார்கள் என்றீர்கள். எங்கள் தாத்தாவிடம் எதைப் பார்த்தார்கள்?" என்று கேட்டாள்.

அன்று நான் கூறிய விடை எனக்கே நிறைவு தரவில்லை. ஆகவே இன்றைய பேச்சை அவ்வினாவுக்குரிய விடையாகவே அமைத்துக்கொள்ள விரும்புகின்றேன். இனத்துவேஷம் நாட்டுக்கு நாடு வேறுபடுமா? வேறுபடுமாயின் எதில் வேறுபடும்?

முதலில் இரண்டு சொற்களைப் பிரித்தறிந்துகொள்வது நலம். ஒருவனை அவன் பிறந்த இனம் காரணமாகத் தாழ்ந்தவனென்றோ அந்நியனென்றோ கருதி, அவனுக்குரியதை மறுப்பது இனத்துவேஷம். உள்ளத்திலே அத்தகைய பகை யாதும் இல்லாதிருந்தும், தன் பேச்சும் செயலும் மற்றொரு இனத்தானை எங்கே சுடும் என்று எண்ணிப் பாராதிருப்பது இனம் பற்றிய அசட்டை. முன்னையது சட்டத்திலும் அதிகாரத்திலும் குடிகொள்ளும். பின்னையது கடைத்தெருப் பேச்சிலே வாழும். இரண்டும் ஒன்றல்ல. ஆனால் அசட்டை மலிந்த நாட்டிலே துவேஷத்துக்கு வேலை எளிது.

இனி, நாட்டுக்கு நாடு உள்ள வேறுபாட்டைக் காண ஒரு வழியுண்டு. ஒரே வகையான மக்களைப் பல நாடுகளில் வைத்துப் பார்ப்பதே அது. இந்தச் சோதனையை வரலாறு நம் மக்களைக் கொண்டே செய்து முடித்திருக்கின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே தமிழ்நாட்டின் வறண்ட கிராமமொன்றில் நான்கு சகோதரர்கள் இருந்தனர் எனக் கற்பனை செய்துகொள்வோம். பஞ்சமும் கடனும் அவர்களை விரட்டுகின்றன. மூத்தவன் நேட்டாலுக்குக் கப்பலேறுகின்றான். இரண்டாமவன் பர்மாவுக்கும் மூன்றாமவன் மலாயாவுக்கும் செல்கின்றனர். இளையவன் மன்னார்க் கரையிலே இறங்கி, கங்காணியின் பின்னால் காட்டுவழி நடந்து, இலங்கையின் மலைநாட்டை அடைகின்றான். நால்வருக்கும் தாய் ஒருத்தி. நிறமும் மொழியும் ஒன்று. ஆகவே அவர்கள் அடைந்த இழிவிலே வேறுபாடு காணப்படின், அது அவர்களாலே வந்ததன்று. அவர்கள் சென்ற நாடுகளாலே வந்தது.

மூத்தவன் சென்ற நேட்டாலுக்கு ஒப்பந்தத் தொழிலாளர் முதன்முதலாகச் சென்றது 1860ஆம் ஆண்டிலே. அங்கே நிறமே அளவுகோல். கரும்புத் தோட்டத்தில் உழைத்தவன் மாத்திரமல்ல, கடை வைத்திருந்த வணிகனும் படித்த வழக்கறிஞரும் ஒருங்கே 'கூலி' எனப்பட்டனர். 1893ஆம் ஆண்டு பீட்டர்மரிட்ஸ்பேர்க் நிலையத்தில் முதல் வகுப்புப் பெட்டியிலிருந்து வெளியே தள்ளப்பட்ட காந்தியடிகள், 'கூலி பாரிஸ்டர்' என்றே அந்நாட்டில் அழைக்கப்பட்டார்.

இந்தச் சொல்லின் கதை சிந்திக்கத்தக்கது. இதன் மூலம் தமிழ்ச் சொல்லே என்பாரும், குஜராத்தின் கோலி வகுப்பாரின் பெயர் என்பாரும் உளர். எவ்வாறாயினும், தமிழிலே கூலி என்பது உழைப்புக்குரிய ஊதியம். அதிலே இழிவு யாதுமில்லை. கூலி கொடாதிருப்பதே இழிவு. ஊதியத்தின் பெயர் கடல் கடந்து மனிதனின் பெயராகி, பின்னர் அவன் பேரப்பிள்ளையின் பெயருமாகியபோது அது வசையாயிற்று. ஆகவே ஒரு சொல் வசையா அன்றா என்பதை அகராதி கொண்டு தீர்மானித்தல் இயலாது. அது யாரால், யாரை நோக்கி, எந்த நிலையில் சொல்லப்படுகின்றது என்பதைக் கொண்டே தீர்மானித்தல் வேண்டும்.

இரண்டாமவன் சென்ற பர்மாவிலே நிறம் பெரிதன்று. அந்நியன் என்பதே குற்றம். அங்கே அவனுக்குக் 'கலா' என்று பெயர். 1930களின் உலகப் பொருளாதார மந்தத்தின்போது, கடன் கட்ட இயலாத பர்மிய விவசாயிகளின் வயல்கள் பெருந்தொகையாகச் செட்டிமாரின் கைக்கு மாறின. அந்த விவசாயியின் கோபத்துக்கு நியாயமான காரணம் உண்டு. ஆனால் அதன் விலையைக் கொடுத்தவருள் இரங்கூன் துறைமுகத்திலே மூட்டை சுமந்த ஏழையும் ஒருவன். 1930ஆம் ஆண்டுக் கலவரத்திலே அடிபட்டவர்கள் வட்டிக்கு விட்டவர்கள் அல்லர், துறைமுகத் தொழிலாளர்களே. 1962இல் இராணுவ ஆட்சி ஏற்பட்ட பின்னர் ஏறத்தாழ மூன்று இலட்சம் இந்திய வம்சாவளியினர் அந்நாட்டைவிட்டு வெளியேறினர்.

மூன்றாமவன் சென்ற மலாயாவிலே 'கிளிங்' என்னும் சொல் அவனுக்காகக் காத்திருந்தது. பழைய கலிங்க நாட்டின் பெயரிலிருந்து வந்ததெனக் கருதப்படும் இச்சொல், ஒருகாலத்தில் இந்தியக் கரையிலிருந்து வந்தவன் என்பதற்கு மேல் வேறு பொருள் குறித்ததன்று. இன்றோ மலேசியத் தமிழர் அதனை வசையாகவே உணர்கின்றனர். 1957இல் அந்நாடு சுதந்திரம் பெற்றபோது பலர் பிரஜைகளாயினர். பத்திரம் இல்லாதோர், நிரந்தரவாசிகளுக்குரிய சிவப்பு அடையாள அட்டையோடு நின்றனர்.

இளையவனின் கதைக்கு வருவோம். அதுவே லுணுகலைச் சிறுமியின் பூட்டன் கதை.

அவன் ஊவாவுக்கு வந்தபோது அந்த மண் ஏற்கெனவே காயப்பட்டிருந்தது. 1817, 1818ஆம் ஆண்டுகளில் ஊவாவிலும் வெல்லஸ்ஸையிலும் சிங்களக் குடிமக்கள் ஆங்கில ஆட்சிக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தனர். அக்கிளர்ச்சியை அடக்குகையில் கிராமங்கள் எரியூட்டப்பட்டன, வயல்கள் பாழாயின. பின்னர் 1840ஆம் ஆண்டில் வந்த முடிக்குரிய காணிச் சட்டம், உறுதி காட்ட இயலாத காடும் சேனையும் அரசுக்கே உரியன எனக் கொண்டது. அவ்வாறு பெற்ற நிலம் துரைமாருக்கு விற்கப்பட்டது. முதலில் கோப்பியும், கோப்பி நோயினால் அழிந்தபின் தேயிலையும் அம்மலைகளை மூடின. அக்கோப்பியையும் தேயிலையையும் நட்டு வளர்க்கவே நம் இளையவன் கொண்டுவரப்பட்டான்.

மலையடிவாரத்துச் சிங்களவன் மலையை நோக்கியபோது, தன் நிலத்திலே பேச்சு விளங்காத ஓர் அந்நியனைக் கண்டான். நிலத்தை எடுத்த துரை அவன் கண்ணுக்கு எட்டாத பங்களாவில் இருந்தான். தோட்டத் தொழிலாளியோ விடியற்காலைப் பிரட்டுக்கும் மாலை லயத்துக்குமிடையே வாழ்ந்தான். கிராமத்தை அறிய அவனுக்கு வழியில்லை. நிலத்தை இழந்தவனும் ஊரை இழந்தவனும் ஒருவரையொருவர் குற்றவாளியாகக் காணும்படி அமைந்த அமைப்பு அது. இதை உணராது, துவேஷம் ஓர் இனத்தின் பிறவிக்குணம் என்று சொல்வோமாயின், நாமும் அதே தவற்றைச் செய்தவராவோம்.

இவ்வளவு இருந்தும், இந்நாட்டிலே தென்னாபிரிக்காவைப் போல வெள்ளையனுக்கென்று ஒரு வாங்கும் மற்றவனுக்கென்று ஒரு வாங்கும் போடப்படவில்லை. 1955ஆம் ஆண்டு டிசம்பரில், அமெரிக்காவின் மொன்கோமரி நகரில், ரோசா பார்க்ஸ் என்னும் கறுப்பினப் பெண்மணி வெள்ளையருக்கு ஆசனம் விட்டுக்கொடுக்க மறுத்துக் கைதானார். அக்காலத்திலும் பதுளை பஸ்ஸிலே யாரும் எங்கும் அமரலாம். ஆதலின் "இங்கே இனத்துவேஷம் இல்லை" என்று படித்தவர்களும் கூறினர். அவர்கள் கண் பஸ்ஸின் ஆசனத்தைப் பார்த்தது. வாக்காளர் இடாப்பைப் பார்க்கவில்லை.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தை எடுத்து வாசிப்போர், அதிலே தமிழர் என்ற சொல்லையோ தோட்டத் தொழிலாளர் என்ற சொல்லையோ காணமாட்டார்கள். அது கேட்டது ஒன்றே. இலங்கையிலே பிறந்த ஒருவன் வம்சாவளிப் பிரஜையாக வேண்டுமாயின், அவன் தந்தை இலங்கையில் பிறந்திருத்தல் வேண்டும். அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இலங்கையில் பிறந்திருத்தல் வேண்டும். எல்லாருக்கும் பொதுவான விதியே. ஆனால் கிராமத்துச் சிங்களவனிடமோ யாழ்ப்பாணத்து விவசாயியிடமோ அவன் பாட்டனின் பிறப்புப் பத்திரத்தை எவரும் கேட்கவில்லை. கேட்கப்பட்டவன் தோட்டத்தான். லயத்திலே பிறந்து லயத்திலே மாண்ட ஒருவனுக்கு அந்தப் பத்திரத்தை எழுதி வைத்தவர் யார்?

அடுத்த ஆண்டில், இந்திய, பாகிஸ்தானிய வதிவோருக்கெனத் தனிச் சட்டமொன்று வந்தது. அதன்கீழ் எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் செய்யப்பட்டன. பதிவு பெற்றோர் ஏறத்தாழ 134,000 பேரே. அதே 1949இல் வாக்குரிமையும் பிரஜாவுரிமையோடு பிணைக்கப்பட்டது. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸின் சார்பில் எழுவர் பாராளுமன்றம் சென்றிருந்தனர். 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் ஒருவர்தானும் இல்லை.

இங்கே மற்றொரு நாட்டின் நிகழ்ச்சியை ஒப்புநோக்க வேண்டும். அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலம் 1910ஆம் ஆண்டில் ஒரு விதியை இயற்றியது. வாக்களிக்க விரும்புவோர் எழுத்தறிவுச் சோதனையில் தேறவேண்டும். ஆயின், 1866ஆம் ஆண்டு ஜனவரி முதலாந் தேதியன்று வாக்குரிமை பெற்றிருந்தோரின் வழித்தோன்றல்களுக்கு அச்சோதனை வேண்டாம் என்றது அவ்விதி. அதிலே கறுப்பர் என்ற சொல்லே இல்லை. ஆனால் 1866இல் எந்தக் கறுப்பனின் பாட்டனுக்கு வாக்குரிமை இருந்தது? இதனைப் 'பாட்டன் விதி' என்றே அமெரிக்கர் அழைத்தனர். 1915ஆம் ஆண்டில் அந்நாட்டு உயர் நீதிமன்றம், இவ்விதி தெரிந்தெடுத்த தேதியைக் கண்டே அதன் உட்கருத்தை அறிந்து, செல்லாது எனத் தள்ளியது.

இலங்கையிலும் ஒரு வழக்கு நடந்தது. கேகாலைப் பகுதியைச் சேர்ந்த கோடாக்கன் பிள்ளை என்பார், வாக்காளர் இடாப்பில் தம் பெயரைச் சேர்க்குமாறு கோரினார். எந்த ஒரு சமூகத்துக்கும் மற்றச் சமூகத்துக்கில்லாத இடையூறு விளைக்கும் சட்டத்தைப் பாராளுமன்றம் இயற்றலாகாது என்று சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு கூறியது. அதனைக் கொண்டே அவர் சார்பில் வாதாடப்பட்டது. வழக்கு இலண்டன் பிரிவிக் கவுன்சில்வரை சென்றது. தன் பிரஜைகள் யாவர் என வரையறுப்பது ஒரு நாட்டின் சட்டசபைக்கு இயல்பாயுரிய அதிகாரம் என்று 1953இல் தீர்ப்பாயிற்று, மேன்முறையீடு தள்ளப்பட்டது.

பாட்டனைப் பற்றிய கேள்வி ஒன்றே. ஒரு நீதிமன்றம் அக்கேள்வியின் விளைவைப் பார்த்தது. மற்றொன்று அதன் சொற்களைப் பார்த்தது. நான் சிறுமிக்குச் சொல்லத் தவறிய விடையின் பாதி இங்கேதான் இருக்கின்றது.

இதன் பின்னர் நடந்ததை நேயர்கள் அறிவீர்கள். 1964ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆந் தேதி சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. நாடற்றோர் 975,000 பேர் எனக் கணக்கிட்டு, 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 150,000 பேர் பிறகு பார்ப்போம் என்று பங்கிட்டனர். அந்த எச்சமும் 1974இல் சரிபாதியாக்கப்பட்டது. கணக்குச் சரியாக இருந்தது. ஆனால் அண்ணன் ஒரு பங்கிலும் தம்பி மறு பங்கிலும் விழுந்த குடும்பங்கள் எத்தனை! மலையகத்திலிருந்து தலைமன்னாருக்குப் பயணமான அந்த ரயிலுக்கு மக்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்று பெயரிட்டனர். அவ்வாறு சென்றவர்களுள் பலர் நீலகிரித் தேயிலைத் தோட்டங்களிலே மீண்டும் கொழுந்து பறித்தனர். இலங்கையிலே அவர்களை இந்தியாக்காரர் என்றார்கள். இந்தியாவிலே சிலோன்காரர் என்றார்கள். அங்கே நிறமும் மொழியும் மதமும் ஒன்றாயிருந்தன. ஆயினும் 'நீ எவ்விடத்தான்?' என்ற கேள்வி அவர்களைப் பின்தொடர்ந்தது.

இங்கே எஞ்சியோருள் பெரும் பகுதியினருக்கு 1988ஆம் ஆண்டுச் சட்டத்தாலும், விடுபட்டோருக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டத்தாலும் பிரஜாவுரிமை கிடைத்தது. இவற்றுக்கிடையே 1983 ஜூலையில் பதுளை நகரிலே தமிழர் கடைகள் எரிந்தன. எரியூட்டியவர் எவரும் பிரஜாவுரிமைப் பத்திரத்தைப் பார்த்து எரிக்கவில்லை.

நேயர்களே, இதுவரை பிறர் நமக்குச் செய்ததைப் பேசினோம். பேச்சை இங்கே நிறுத்தினால் அது பாதி உண்மையே ஆகும். மலையகத்து மக்களைத் 'தோட்டக்காட்டான்' என்று அழைத்த வாய் சிங்கள வாயன்று, தமிழ் வாய். 'கள்ளத்தோணி' என்னும் சொல்லை வடக்கிலும் கிழக்கிலும் கொழும்பிலும் தமிழரே தமிழரை நோக்கி வீசியதுண்டு. அவர்களின் உரிமை பறிபோனதைத் தம் உரிமை பறிபோனதாகக் கருதிய தலைவர்களும் இருந்தனர். 1949 டிசம்பரில் திரு. செல்வநாயகமும் அவர் தோழர்களும் தமிழரசுக் கட்சியைத் தொடங்குவதற்கு இப்பிரச்சினை ஒரு முதன்மையான காரணம். ஆயினும் கட்சிக் கொள்கை வேறு, அடுக்களைப் பேச்சு வேறு. மலையகத்துச் சிறுமியரை வீட்டு வேலைக்கு வைத்துக்கொண்டு, அவளுக்கெனத் தனித் தட்டும் தனிக் கோப்பையும் வைத்த தமிழ் வீடுகள் இல்லையென யார் சொல்லக் கூடும்? அவ்வீட்டார் தென்னாபிரிக்க நிறவொதுக்கலை மனமாரக் கண்டித்தவர்களாகவும் இருந்திருக்கலாம். அவர்கள் பொய்யர் அல்லர். தூரத்துத் துவேஷம் அந்நிய உடையில் இருந்தது. ஆகவே அடையாளம் தெரிந்தது. வீட்டிலிருந்த துவேஷம் வீட்டு உடையில் இருந்தது.

இனி நம் வினாவுக்கு வருவோம். இனத்துவேஷம் நாட்டுக்கு நாடு வேறுபடுகின்றதா? ஆம், மூன்று வகையில் வேறுபடுகின்றது. முதலாவது, அது நோக்கும் அடையாளம்: ஓரிடத்தில் நிறம், ஓரிடத்தில் மொழி, ஓரிடத்தில் பாட்டன் பிறந்த ஊர், ஓரிடத்தில் சாதி. இரண்டாவது, அது கையாளும் கருவி: ஓரிடத்தில் ஆசனமும் வாங்கும், ஓரிடத்தில் பத்திரமும் இடாப்பும். மூன்றாவது, அந்நாட்டார் எதனைக் காணப் பழகியிருக்கின்றனர் என்பது. இம்மூன்றாவது வேறுபாடே மிகவும் அபாயகரமானது. "எங்கள் நாட்டு நிலைமை வேறு" என்பது உண்மையான வார்த்தை. அதனால் அதனை ஒரு திரையாகவும் பயன்படுத்தலாம். வேறு என்பது குறைவு என்று பொருள்படாது.

1965ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் சபை, இனப் பாரபட்சத்தின் எல்லா வடிவங்களையும் ஒழிப்பதற்கான உடன்படிக்கையை ஏற்றுக்கொண்டது. இலங்கையும் 1982இல் அதில் சேர்ந்தது. இனம், நிறம், வம்சாவளி, தேசிய அல்லது இனத் தோற்றம் என்பவற்றின்மேல் ஏற்படும் வேற்றுமையை அது பாரபட்சம் என்கின்றது. உரிமையைக் கெடுக்கும் நோக்கம் இருந்தால் மாத்திரமன்று, விளைவு இருந்தாலும் அது பாரபட்சமே என்கின்றது. ஆனால் அதே உடன்படிக்கை, பிரஜைகளுக்கும் பிரஜையல்லாதோருக்கும் இடையே ஒரு நாடு செய்யும் வேற்றுமையை விலக்கி வைத்திருக்கின்றது. பிரஜாவுரிமைச் சட்டங்கள் எந்த ஒரு தேசியத்தாருக்கும் எதிராக அமையலாகாது என்ற நிபந்தனையை மாத்திரம் அங்கே காண்கிறோம். ஆகவே துவேஷம் ஒளிந்துகொள்ள விரும்பும் இடமும் அதுவே. "இவன் இனத்தைப் பற்றி நாங்கள் பேசவில்லை, இவன் பிரஜையா என்றுதான் கேட்கிறோம்" என்ற குரல் எந்த நாட்டில் எழுந்தாலும், லுணுகலையில் வாழ்வோர் காது கொடுத்துக் கேட்க வேண்டும். அக்குரல் அவர்களுக்குப் புதிதன்று.

அச்சிறுமிக்கு இன்று நான் சொல்லக்கூடிய விடை இதுதான். "பிள்ளாய், உன் தாத்தாவின் நிறத்தை அவர்கள் பார்க்கவில்லை. அவருடைய பாட்டனின் பிறப்புப் பத்திரத்தைக் கேட்டார்கள். இல்லாத ஒன்றைக் கேட்டார்கள்; இல்லையென்று தெரிந்துதான் கேட்டார்கள் என்று கருதுவோர் உளர். நோக்கம் எதுவாயினும் விளைவை உன் குடும்பம் சுமந்தது. இனி நீ வளர்ந்து ஆசிரியையாகவோ அலுவலராகவோ ஒரு மேசைக்குப் பின்னால் அமரும் நாள் வரும். உன் முன்னே ஒருவர் வந்து நிற்கும்போது, அவரால் காட்ட இயலாத பத்திரத்தைக் கேட்குமுன், உன் தாத்தாவை நினைத்துக்கொள்."

நமக்கும் அதிலே ஒரு பங்குண்டு. புதிதாக ஒருவரைக் காணும்போது "எந்த ஊர்?" என்று கேட்பது தமிழர் வழக்கம். அன்போடு கேட்கலாம், தவறில்லை. அவர் லுணுகலை என்று விடை சொன்னபின், "அதற்கு முன்னே?" என்று கேளாதிருப்போம்.